கேட் லிட்டர் வகைகள்: எது எத்தனை நாள் தாங்கும், எப்போது மொத்தமாக மாற்ற வேண்டும்

கேட் லிட்டர் (பூனை மலஜலம் கழிக்க டிரேயில் கொட்டி வைக்கும் மணல்) பையில் ‘30 நாள் தாங்கும்’ என்று அச்சிட்டிருந்தால், அது ஒரே ஒரு பூனை, தினமும் தவறாமல் அள்ளும் வீடு, ஈரமில்லாத காற்று என மூன்றும் சேர்ந்த இடத்துக்கான கணக்கு. சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஐப்பசி மழையில், இரண்டு பூனைகள் ஒரே டிரேயில் போகும் வீட்டில் அதை நம்பிப் பயனில்லை. கடைகளில் கிடைக்கும் வகைகளை அந்தக் கண்ணோடுதான் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்: தினமும் அள்ளியும்கூட எந்த மணல் எப்போது கைவிடும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றது எளிது. பூனையின் சிறுநீரில் யூரியா மிக அடர்த்தியாக இருக்கும். பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போது அம்மோனியா வெளிவரும். ஈரமும் சூடும் கூடினால் இது வேகமாக நடக்கும். காயடிக்காத கடுவன் பூனையாக இருந்தால் ஃபெலினின் என்ற பொருளும் சிறுநீரில் நிறைய இருக்கும். அது சிதைந்து கந்தக வாடையாக மாறும். அப்படிப்பட்ட வீட்டில் எந்த மணலும் சொன்ன நாள் தாங்காது. மணலை மாற்றிப் பார்ப்பதை விட மருத்துவரிடம் கொண்டுபோய் கருத்தடை அறுவை செய்வது நல்லது.

முதலில் பெண்டோனைட். குஜராத்தின் கச்சு பகுதியில் வெட்டி எடுக்கிறார்களே, அந்தக் களிமண்தான். ஈரம் பட்ட இடத்தில் உப்பி, கட்டியாக இறுகும். அந்தக் கட்டியை அப்படியே அள்ளி எறியலாம் என்பதே இதன் பலம். ஆனால் எல்லா பெண்டோனைட்டும் ஒன்றல்ல. சோடியம் வகை பல மடங்கு உப்பும், கட்டி கெட்டியாக நிற்கும். கால்சியம் வகை குறைவாகத்தான் உப்பும், அள்ளும்போதே பொடிந்துவிடும். பையில் எந்த வகை என்று போடாவிட்டாலும் வீட்டில் சோதித்துவிடலாம். 6 செ.மீ. ஆழத்துக்கு மணலைக் கொட்டி, ஒரே இடத்தில் 20 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். 10 நிமிடம் கழித்துக் கரண்டியால் தூக்கி, ஓர் அடி உயரத்திலிருந்து போடுங்கள். உடையாமல் விழுந்தால் நல்ல மணல். நாலாக உடைந்தால் அடுத்த முறை வேறு பை வாங்குங்கள்.

ஏனென்றால் உடைந்த கட்டிதான் மொத்த மாற்றத்தை முன்னுக்கு இழுக்கிறது. உதிர்ந்த துணுக்குகள் கரண்டியின் துளை வழியே கீழே போய்ச் சேர்ந்து, சிறுநீரோடு அங்கேயே கிடக்கும். மேலே புது மணலைக் கொட்டி அளவை ஈடு செய்துகொண்டே போனால் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும். அடியில் பழைய துணுக்குகள் பெருகிக்கொண்டே போகும். ஒரு பூனை, தினமும் இரண்டு வேளை அள்ளுதல், நல்ல சோடியம் பெண்டோனைட் என்றால் 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றினால் போதும். இரண்டு பூனைகள் ஒரே டிரேயைப் பகிர்ந்தால் 2 வாரம். கட்டி பொடியும் ரகம் என்றால் இதில் பாதி.

ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது. டிரேயின் அடிப்பகுதி 40 × 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 செ.மீ. ஆழத்துக்கு 7.2 லிட்டர் மணல் வேண்டும். பெண்டோனைட்டில் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோ. 5 கிலோ பை ஒன்றை மட்டும் கொட்டினால் நாலரை செ.மீ. அளவில் நின்றுவிடும். பூனை ஓரத்தில் குழி பறித்துப் போகும்போது சிறுநீர் நேரே பிளாஸ்டிக்கைத் தொட்டு, அங்கேயே அப்பிக் காய்ந்துவிடும். அதைச் சுரண்டிச் சுரண்டி டிரேயில் கீறல் விழும், கீறலில் நாற்றம் தங்கும். முதல் தடவை இரண்டு பை வாங்குவதே சரி. மீதியை அவ்வப்போது ஈடு செய்யப் பயன்படுத்தலாம்.

லாவெண்டர், எலுமிச்சை வாசனை போட்ட ரகங்களை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. வாசனை நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். அம்மோனியா ஏறியிருப்பது நமக்குத் தெரிவதற்குள் மணலுக்கு மிக அருகில் மூக்கை வைக்கும் பூனைக்குத் தெரிந்திருக்கும். பல பூனைகள் அந்த வாசனையையே வெறுத்து, சோபாவுக்குப் பின்னால் இடம் தேடும். வாசனையில்லாத பை, தூசி குறைவான பை, இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஆஸ்துமா இருப்பவர்களுக்குத் தூசி முக்கியம். இன்னொன்று: மூன்று மாதம் நிரம்பாத குட்டிகளுக்குக் கட்டியாகும் ரகம் வேண்டாம். குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும், அது வயிற்றுக்குள் உப்பும்.

கட்டியாகாத சாம்பல் நிறக் களிமண் பையின் விலைதான் குறைவு. மலத்தை மட்டுமே அள்ள முடியும், சிறுநீர் முழுவதும் உள்ளேயே நிற்கும். 5 நாளில் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் 3 நாளிலேயே நாறும். மாதக் கணக்கில் பார்த்தால் லாபமே இல்லை. ஆற்று மணலுக்கும் இதே கதைதான், கூடவே எறும்பும் வரும்.

சிலிக்கா படிகம் பார்க்க அழகு, எடையும் குறைவு. சிறுநீரை உறிஞ்சி, நீரைக் காற்றில் விட்டுவிட்டு, வாடையைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். மலத்தை அள்ளி, மீதியை தினமும் ஒருமுறை கிளறிவிட வேண்டும். கிளறாவிட்டால் பூனை வழக்கமாகப் போகும் மூலையில் மட்டும் படிகம் நிரம்பி, அடியில் குட்டை கட்டும். கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் ஒரு பூனைக்கு 3 வாரத்துக்கு மேலும் ஓட்டலாம். கடற்கரை ஊர்களில் இதற்குப் பணம் போடாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சும். பூனை போவதற்கு முன்பே பாதி வேலை தீர்ந்திருக்கும். படிகங்களில் பெரும்பாலானவை மஞ்சளாகிவிட்டால் நாள் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

டோஃபு, அதாவது சோயா சக்கையில் செய்த குச்சி வடிவ லிட்டர், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்காரர்களுக்கு வரம். 6 லிட்டர் பை இரண்டரை கிலோதான். தூசி குறைவு, பாதத்துக்கு மெத்தென்று இருக்கும், கட்டியும் ஓரளவு நிற்கும். பலவீனம் என்னவென்றால் இது உணவுப்பொருள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், திறந்த பையில் வண்டு வைக்கும். ஒரு பூனைக்கு 2 வாரம், மழைக்காலத்தில் 10 நாள், அதற்கு மேல் வேண்டாம். பையைப் பிரித்ததும் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொட்டி வையுங்கள். புளித்த மாவு வாடை அடித்தால் பூனை மேல் பழி போடாமல் மணலைக் கொட்டிவிடுங்கள். ‘டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்யலாம்’ என்று பையில் இருந்தாலும், செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் அதைச் செய்ய வேண்டாம்.

மரத்தூள் குச்சிகளுக்கு அடியில் சல்லடை வைத்த இரட்டை டிரே வேண்டும். அது இருந்தால் வாரம் ஒருமுறை மாற்றிச் சமாளிக்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எங்கள் தேர்வு: பெரும்பாலான வீடுகளுக்கு வாசனையில்லாத சோடியம் பெண்டோனைட். தூக்கிச் சுமக்க முடியாதவர்களுக்கு டோஃபு.

மாற்றும் நாளில் பழைய மணலில் ஒரு தம்ளர் சுத்தமான பகுதியைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியை இரட்டைப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். காலி டிரேயை நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒட்டியிருக்கும் பெண்டோனைட் தண்ணீரில் உப்பி, பாத்ரூம் வடிகாலில் சிமென்ட் போல அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளால் முழுவதும் வழித்தெடுத்த பிறகே தண்ணீர். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், வாசனையில்லாத பாத்திர சோப்பு, இதற்கென்றே ஒதுக்கிய ஸ்பாஞ்சு, இவை போதும். அடியில் வெள்ளையாகப் படிந்த உப்புப் படலம் போகாவிட்டால், வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஊற்றி 20 நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள். நன்றாக அலசி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். ஈரம் இருக்கும்போதே மணலைக் கொட்டினால் அடி முழுவதும் ஒரே பாளமாக ஒட்டிவிடும். புது மணல் கொட்டியபின் எடுத்து வைத்த தம்ளர் மணலை மேலே தூவுங்கள். பூனை தன் இடம் இதுதான் என்று அடையாளம் கண்டுகொள்ளும்.

பல வீடுகளில் இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது: ஃபினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃபீனால் சேர்ந்த பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே அது நஞ்சாகும். பைன் எண்ணெய் கலந்த வெள்ளை ஃபினாயிலும், டெட்டால் போன்ற கிருமிநாசினிகளும் இதே பட்டியலில் சேரும். பிளீச்சிங் பவுடருக்கும் டிரேயில் வேலை இல்லை. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், அது நம் நுரையீரலையும் பதம் பார்க்கும்.

நாள் கணக்கை மறந்துவிட்டால் மணலே சொல்லும். அப்போதுதான் அள்ளி முடித்த டிரேயின் அருகில் குனிந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதா? மூலையில் கரண்டியால் அடிவரை தோண்டினால் ஈரச் சேறு வருகிறதா? பூனை விளிம்பில் காலை வைத்துக்கொண்டு உள்ளே இறங்கத் தயங்குகிறதா, அல்லது டிரேக்குப் பக்கத்துத் தரையில் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மாற்றுங்கள். அடிக்கடி இப்படியானால் மணலைக் குறை சொல்வதற்கு முன் டிரேக்களை எண்ணுங்கள்: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட இருக்க வேண்டும், மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை பூனை எவ்வளவு நீளமோ அதைப் போல ஒன்றரை மடங்கு நீளமும் இருக்க வேண்டும்.

மணல் சரியாக இருந்தும் பூனை டிரேயைத் தவிர்த்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டியாகும் மணலில் இதைக் கவனிப்பது எளிது: ஆரோக்கியமான பூனைக்கு நாளுக்கு 2 முதல் 4 சிறுநீர்க் கட்டிகள் இருக்கும். கோலிக்குண்டு அளவில் நிறைய கட்டிகள் வந்தால் சிறுநீர்ப் பாதையில் தொந்தரவு. கடுவன் பூனை உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் ஒரு கட்டிகூட இல்லையென்றால் அடைப்பாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலை முழுவதையும் வேறொருவர் செய்யட்டும். கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தோடு வெளிவந்து, 1 முதல் 5 நாளில்தான் தொற்றக்கூடிய நிலையை அடையும். தினமும் அள்ளுவது அதனால்தான் நாற்றத்துக்கும் மேலான பாதுகாப்பு. வேறு ஆளே இல்லையென்றால் கையுறை போட்டு, தினமும் தவறாமல் அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பயன்படுத்திய மணலை, அது டோஃபுவாக இருந்தாலும், கீரைப் பாத்திக்கோ மாடித்தோட்டத் தொட்டிக்கோ உரமாகப் போடக் கூடாது.

பிளாஸ்டிக் டிரேயை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கழுவிக் காயவைத்த காலி டிரேயிலேயே வாடை வந்தால் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கீறல் விழாத எவர்சில்வர் டிரேக்கு முதலில் செலவு கூடுதல்தான், ஆனால் பல ஆண்டு வரும். விளிம்பு உயரம் 15 செ.மீ.க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மணல் பாதி தரையில் கிடக்கும். வயதான, மூட்டுவலி உள்ள பூனைக்கு மட்டும் நுழையும் பக்கம் தாழ்வாக உள்ளதைத் தேடுங்கள்.