செடார் மர ஓடா, தார் ஷிங்கிளா: தீத்தடுப்பு எத்தனை ஆண்டு நிற்கும்?

எங்கள் வீட்டுக் கூரையில் இருந்த பழைய செடார் மர ஓடுகளைக் கழற்றிப் புதிதாக வேய வேண்டிய நிலை வந்தபோது, கடைசிவரை இரண்டு வழிகளே எங்கள் முன் நின்றன: தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றிய செடார் ஓடுகளையே மறுபடியும் போடுவது, அல்லது கண்ணாடியிழை கொண்ட தார் ஷிங்கிளுக்கு (தார் பூசிய தட்டையான கூரைத் துண்டுகளுக்கு) மாறுவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். அழகில் செடாருக்கு ஈடில்லை, விலையில் ஷிங்கிளே மலிவு. இவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் நீட்டவில்லை.

அமெரிக்கக் கட்டட விதிகள் கூரைகளின் தீத்தாங்கும் திறனை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கின்றன. சாய்வான மாதிரிக் கூரையின் மீது எரியும் கொள்ளியை வைத்து, காற்றைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். ஏ வகுப்புக்கான கொள்ளி 12 அங்குலச் சதுரமும் ஏறத்தாழ 2 கிலோ எடையும் கொண்டது. பி வகுப்புக்கு 6 அங்குலமும் அரைக் கிலோவும். சி வகுப்புக்கோ 10 கிராமைக்கூட எட்டாத சிறு மரத்துண்டுகள். ரசாயனம் ஏற்றாத மர ஓடு பொதுவாக இம்மூன்றில் எதிலும் சேராது. ரசாயனம் ஏற்றியது பி அல்லது சி வகுப்பைப் பெறும்; அதற்கு ஏ வகுப்பு வேண்டுமானால், அடியில் எரியாத அடுக்கு ஒன்றைச் சேர்த்து, மொத்த அமைப்புக்கும் சான்று பெற்றிருக்க வேண்டும். கண்ணாடியிழை ஷிங்கிள்களில் பெரும்பாலானவை ஏ வகுப்பையே பெறுகின்றன. தார் எரியும் பொருள்தானே என்று நானும் முதலில் தயங்கினேன். உள்ளே இருக்கும் கண்ணாடியிழையும் மேலே பதித்த கனிமத் துகள்களும்தான் தீயை மறிக்கின்றன.

பழைய கூரையைப் பிரித்த அன்று ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த விரலளவு இடைவெளியைக் கிட்டத்தில் பார்த்தேன்: காய்ந்த ஊசியிலைகள் திரியைப் போல முறுக்கி அடைந்திருந்தன. காட்டுத்தீயின்போது காற்றில் பறந்து வரும் கங்கு ஒன்று அந்த இடத்தில் அமர்ந்தால் போதும். கலிபோர்னியாவில் 1923-இல் பெர்க்லி நகரிலும் 1961-இல் லாஸ் ஏஞ்சலிஸின் பெல் ஏர் பகுதியிலும் தீ வீடுவீடாகத் தாவியதற்கு மரக்கூரைகள் முக்கியக் காரணமாயின. பெல் ஏர் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 500 வீடுகள் அழிந்தன.

என் முடிவைத் தீர்மானித்தது தீத்தடுப்பின் ஆயுள். செடாரில் அந்தத் திறன் மரத்துக்கு இயல்பானதன்று. அழுத்தம் கொடுத்து உள்ளே செலுத்திய ரசாயனத்தால் வருவது. மழையும் வெயிலும் அதைக் குறைத்துவிடக்கூடும் என்பதாலேயே, மர ஓடுகளுக்கு மட்டும் செயற்கை மழையில் நனைத்து உலர்த்தும் சோதனையும், 10 ஆண்டுவரை திறந்தவெளியில் வைத்துப் பார்க்கும் சோதனையும் வைத்திருக்கிறார்கள். தூரிகையால் மேலே பூசும் மருந்து இதற்கு ஈடாகாது. இன்னொரு சிக்கல், ரசாயனம் ஏற்றியதற்கான அடையாளம் ஓட்டுக்கட்டின் லேபிளில் இருக்கிறது. கட்டைப் பிரித்து ஆணி அடித்ததும் லேபிள் குப்பைக்குப் போய்விடும். சில ஆண்டுகளில் ஏற்றியதும் ஏற்றாததும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுவதால், வீட்டை வாங்க வருபவரோ காப்பீட்டுக்காரரோ கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. ஷிங்கிளில் அந்தக் கவலை குறைவு: துகள்கள் உதிரத் தொடங்கினால் மழைநீர் வடியும் பீலியில் கரும்மணலாகச் சேர்ந்து கண்ணில் படும்.

எங்கள் ஷிங்கிள் நான்கு மழைக்காலங்களையே கண்டிருக்கிறது. ஆகவே இருபதாம் ஆண்டில் அது எப்படி இருக்கும் என்பதற்கு என்னால் உறுதி கூற இயலாது. களிமண் ஓட்டையும் உலோகத் தகட்டையும் பரிசீலித்தோம். முன்னதின் எடைக்குக் கைமரங்களை வலுப்படுத்த வேண்டியிருந்தது. பின்னதில் அடியிலிடும் அடுக்கைப் பொறுத்தே வகுப்பு மாறியதால் கைவிட்டோம்.

மர ஓடே வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், உள்ளூர் விதி அதை அனுமதிக்கிறதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1989-இலேயே அதைத் தடை செய்துவிட்டது. அனுமதி இருந்தால், வேலையாட்கள் கட்டைப் பிரிக்கும் முன்பே லேபிள்களை வாங்கி, ரசீதோடு சேர்த்து வீட்டுப் பத்திரத்துடன் வைத்துக்கொள்ளுங்கள்.