வீடா, மெஸ்ஸா, டப்பாவா: வண்ணார்பேட்டையில் ஒரு மதிய மணி நேரம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு பெருமாள்புரம். மதியம் ஒன்றேகால் முதல் இரண்டேகால் வரை சாப்பாட்டு நேரம். பதினோரு வருஷத்தில் அந்த நேரத்தை மூன்று விதமாகக் கழித்துப் பார்த்தாயிற்று. முதலில் வீட்டுக்குப் போய் வந்தேன், பிறகு மெஸ், இப்போது வீட்டிலிருந்து கட்டி வரும் டப்பா. போன மாதம் பில்லிங்கில் சேர்ந்த பையன், "எது அண்ணாச்சி தோது?" என்று கேட்டான். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த ஒரு மணி நேரம் முதலாளி பெரிய மனசு பண்ணித் தருவது கிடையாது. இடையில் ஒரு மணி நேர ஓய்வு கொடுக்காமல் நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்று 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிஷம் போதும். மிச்சம் நாற்பத்தைந்து நிமிஷம் எதில் கரைகிறது என்பதுதான் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டில் ருசிக்குக் குறைவே இல்லை. சுடுசோறு, அப்போது தாளித்த ரசம், தட்டில் நேராக விழும் அப்பளம். நேரத்தைத்தான் அது தின்றுவிடுகிறது. புறவழிச்சாலை வழியாக ஸ்கூட்டரில் பன்னிரண்டு நிமிஷம், திரும்பி வரப் பன்னிரண்டு. ஹெல்மெட்டைக் கழற்றி முகம் கழுவி உட்கார ஐந்து. ஆக அரை மணி ரோட்டிலேயே. சித்திரை வெயிலில் தார் ரோட்டுச் சூடு முழங்கால் வரை ஏறும்; கடைக்குத் திரும்பும்போது சாப்பிட்ட சோறு எங்கே போனதென்று தெரியாது. அம்மா எதிரே உட்கார்ந்து, "ஏய்யா, இப்படி அவதி அவதியா திங்கதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?" என்பாள். பதில் சொல்ல வாயில் இடம் இருக்காது.

இன்னொரு ஆபத்து கட்டில். ஒரு நாள் வீட்டில் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். கறுப்பு உளுந்தும் தேங்காயும் பூண்டும் போட்டு வடித்த அந்தச் சோற்றை நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டு, 'அஞ்சே நிமிஷம்' என்று சாய்ந்தேன். கண் விழித்தபோது மூன்றே முக்கால். மேனேஜரிடம் வண்டி பஞ்சர் என்று சொன்னேன். அவரும் திருநெல்வேலிக்காரர், "வீட்ல உளுந்தஞ்சோறா?" என்றார்.

ஆனாலும் ஒரு நிலைமையில் வீடு ஜெயிக்கும். அப்பா படுக்கையில் இருந்த எட்டு மாதம் மதிய மாத்திரை கொடுக்கவும் புரட்டிப் படுக்க வைக்கவும் நான் போய்த்தான் ஆக வேண்டும். அப்போது நிமிஷக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், எங்கள் பேக்கிங் பிரிவு அக்கா ஒருத்தி பாளையங்கோட்டை வீட்டுக்குப் போய்வரப் பார்த்தாள். காசு மிச்சம், ஸ்டாப்பில் நின்ற நேரத்தை யார் தருவது? இரண்டே வாரத்தில் டப்பாவுக்கு மாறிவிட்டாள்.

மெஸ்ஸைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. ஒன்றரைக்குப் போனால் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் எப்போது மோருக்கு வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிற்பிலேயே கால் மணி போகும். சாப்பாடு 90 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 25 நாளைக்கு 2,250 ரூபாய். அளவில்லாச் சாப்பாடு என்று கண்டால் கை நிற்காது. காசு கொடுத்தாயிற்றே என்று இரண்டாம் தடவை சாம்பார் வாங்கினால் மூன்று மணிக்கு லெட்ஜரில் எண்கள் மிதக்கும். ஒரே நல்லது, கடைக்கு வெளியே உள்ள மனிதர்களைப் பார்க்கலாம். லாரி ஆபீஸ்காரர், மருந்து ரெப், கோர்ட் குமாஸ்தா என்று ஒரு மேஜையில் நாலு ஊர்க்கதை ஓடும். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஆட்களுக்கு அதுவும் வேண்டியதுதான்.

டப்பா. இதில் எனக்கு ஒருதலைப்பட்சம் உண்டு, மறைக்கவில்லை. ஒன்று இருபதுக்கு மூடியைத் திறந்தால் ஒன்று முப்பத்தைந்துக்குக் கை கழுவியாயிற்று. ருசியில் வீட்டுக்கு இரண்டாம் இடம்தான், ஏனென்றால் காலை ஏழு மணிக்குக் கட்டிய சோறு. ஆறினாலும் எது ருசிக்கும் என்று தெரிந்து கட்ட வேண்டும். தேங்காய்ப் பால் ஊற்றிய சொதியும் தயிர் சேர்த்த அவியலும் நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் நாறிவிடும். அவை ஞாயிற்றுக்கிழமைச் சரக்கு. வறுத்து அரைத்த தீயல், எள்ளுப்பொடி, வத்தக் குழம்பு இதெல்லாம் நேரம் ஆக ஆகத் தேறும். தொட்டுக்கொள்ளப் புளிமிளகாய் இருந்தால் போதும். தயிர்ச் சோற்றுக்குக் காலையில் பாலை ஊற்றிப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் விட்டால், மதியம் புளிக்காத தயிர்ச் சோறு தானே தயாராகியிருக்கும். நாலு பேர் டப்பா திறந்தால் நாலு வீட்டுக் கூட்டும் கிடைக்கும் என்பது உபரி.

அப்படி மிஞ்சுகிற நாற்பது நிமிஷத்துக்கு எங்கள் கடையில் மூன்று கட்சி உண்டு.

தூக்கக் கட்சிக்குத் தலைவர் ஸ்டோர் அண்ணாச்சி. பிரேக் ஷூ வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, துண்டைக் கண்ணில் போட்டால் முடிந்தது. சரியாக இருபது நிமிஷம். அலாரம்கூடக் கிடையாது. அவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் அளவு சரி. மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் உடம்பின் கடிகாரமே ஒரு தரம் இறங்கும். சாப்பிடாதவனுக்கும் கொட்டாவி வரும், சோறு அதைக் கூட்டும். இருபது நிமிஷத்துக்குள் எழுந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகுமுன் வெளியே வந்துவிடுகிறோம். அரை மணியைத் தாண்டினால் பாதிக் கிணற்றில் ஏணியை எடுத்த மாதிரி. எழுந்தபிறகும் வெகுநேரம் தலை கனக்கும்.

நடைக் கட்சியில் நானும் கேஷியரும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பது, ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறாமல் தடுக்கும். கேஷியருக்கு அதுதான் கணக்கு. பங்குனியிலிருந்து வைகாசி வரை எங்கள் கட்சிக்கு விடுமுறை. ஆனி பிறந்து, குற்றாலத்தில் சாரல் விழுந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் கொக்கிரகுளம் தாண்டிச் சுலோசன முதலியார் பாலம் வரை போவோம். 1843-இல் திறந்த பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டியது. அதன்மேல் நின்று தாமிரபரணியை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வந்தால், பிற்பகலில் வசூல் பாக்கிக்காரர்களிடம் குரல் உயராமல் பேச முடிகிறது.

வெளிவேலை முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் மூன்றாம் கட்சி. அவர்களுக்கு என் ஓட்டு கிடையாது. மதியத்தில் நெல்லையப்பர் கோயில் நடை சாத்தியிருக்கும். சென்னைச் சொந்தக்காரருக்கு இருட்டுக்கடை அல்வா வாங்கலாம் என்றால் அந்தக் கடை திறப்பதே சாயங்காலம். பேங்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வர வேண்டும். செல்லைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவர்களை எந்தக் கட்சியிலும் சேர்க்கவில்லை. நாற்பது நிமிஷம் போனதே அவர்களுக்குத் தெரியாது.

ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வேலை நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படியும் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கிற கால் அது. அவர்களிடம் போய் நடக்கச் சொல்வது பாவம். டப்பா, பிறகு சுவரோரம் காலை நீட்டுவது, அவ்வளவுதான்.

பில்லிங் பையன் ஜங்ஷன் பக்கம் ரூமில் இருக்கிறான். வீடு சங்கரன்கோவில், சமையல் தெரியாது. அவனுக்கு வீடும் இல்லை, டப்பாவும் இல்லை. மெஸ்தான் என்றேன், ஆனால் ஒன்றேகால் அடித்த மாத்திரத்தில் ஓடி முதல் பந்தியில் உட்கார், இரண்டாம் சாம்பாருக்குக் கை நீட்டாதே, ஒன்றே முக்காலுக்குள் திரும்பிவிடு என்றும் சொன்னேன்.

"வந்து அண்ணாச்சி?"

உள்ளே படுத்திருந்த ஸ்டோர் அண்ணாச்சி கண்ணிலிருந்த துண்டை எடுக்காமலே, "லேய், அந்த மூலையில இன்னொரு அட்டை கிடக்கு பாரு" என்றார்.