திருகோணமலை வீட்டுக்கு எல்ஈடி பல்ப்: 9 வாட்ஸ் நல்லது, ஹோல்டரையும் பாருங்கள்

60 வாட்ஸ் இழை பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட்ஸ் எல்ஈடி போடுவதைப் போல மலிவாகக் கரண்ட் பில்லைக் குறைக்கும் வேலை வீட்டில் வேறு இல்லை. ஐந்து பல்ப் இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால், இழை பல்புக்கு மாதம் 45 யூனிட் போகும். எல்ஈடிக்கு 7 யூனிட்டும் வராது. மாதப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண வரிசையே மாறிவிடுவதால், அந்த எல்லையில் நிற்கும் வீட்டுக்கு இந்த 38 யூனிட் குறைவது பில்லில் பெரிதாகவே தெரியும்.

ஆனால் 'இரண்டு வருட உத்தரவாதம் என்று வாங்கினது, ஆறு மாதம் கூட எரியவில்லை' என்ற முறைப்பாடும் ஊரில் தாராளமாக இருக்கிறது. செத்த பல்பின் வெள்ளை மூடியைத் திறந்து பார்த்தால் காரணம் தெரியும். அலுமினியத் தகட்டில் வெளிச்சம் தரும் மஞ்சள் பொட்டுகள் வரிசையாக இருக்கும், அவற்றில் ஒன்றின் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி. பொட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை என்பதால் ஒன்று கருகினால் முழு பல்பும் அணைந்துவிடும். பொட்டுகள் நன்றாக இருந்தால் டிரைவரில், அதாவது பொட்டுகளுக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் சின்னச் சுற்றில், உள்ள கப்பாசிட்டரைப் பாருங்கள், தலை வீங்கியிருக்கும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வற்றிவிடுகிறது. வெப்பம் 10 பாகை கூடினால் கப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும். கச்சான் அடிக்கும் மாதங்களில், சீற் கூரைக்குக் கீழே, காற்றுப் புகாத கண்ணாடிக் கிண்ணத்துக்குள் 12 வாட்ஸ் பல்பைப் பூட்டினால் பெட்டியில் போட்ட 15,000 மணித்தியாலத்தை எதிர்பார்க்க முடியாது. மூடிய கிண்ணத்துக்கு 7 வாட்ஸுக்கு மேல் வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் கிண்ணத்தைக் கழற்றுங்கள்.

உப்புக்காற்றின் வேலை ஹோல்டரில் தெரியும். உப்புவெளி, நிலாவெளிப் பக்க வீடுகளில், பல்பை அழுத்தித் திருப்பிப் பூட்டும் பின் (pin) ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். பல வருடம் இழை பல்பின் சூட்டில் வெந்ததால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் தளர்ந்துபோயிருக்கும். அதில் புது எல்ஈடியைப் போட்டால் விட்டு விட்டு எரியும், தொடும் இடத்தில் பொறி பறக்கும், கடைசியில் பழி பல்ப் மீது விழும். மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணிவிட்டு முனைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். துள்ளி மேலே வந்தால் சாண்ட் பேப்பரால் களிம்பைச் சுரண்டினால் போதும். வராவிட்டால் ஹோல்டரை மாற்றுங்கள். புதிது வாங்கும்போது முனை பித்தளையா என்று கேளுங்கள். முலாம் பூசிய இரும்பு ஒரு மாரிக்கே துருப்பிடித்துவிடும்.

மத்திய வீதி, பிரதான வீதிக் கடைகளில் பல்ப் கேட்டால் முதலில் வாட்ஸைத்தான் சொல்வார்கள். நீங்கள் லூமனைக் கேளுங்கள், அதுதான் வெளிச்சத்தின் அளவு. பழைய 60 வாட்ஸுக்கு 700 முதல் 800 லூமன், 100 வாட்ஸுக்கு 1,300க்கு மேல் வேண்டும். லூமன் அச்சிடாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வோல்டேஜ் 220–240 என்று மட்டும் இருப்பதை விட 170–265 என்று இருப்பது நல்லது. மாலையில் வோல்டேஜ் இறங்கும் லைன் கடைசி வீடுகளில், காயில் இல்லாத மலிவு டிரைவர் உள்ள பல்ப் மங்கி மங்கி எரியும். எரியும் பல்பைக் கைத்தொலைபேசிக் கமராவால் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் கனமாக ஓடினால் அந்த பல்பின் கீழே பிள்ளைகள் படிக்க வேண்டாம்.

குசினிக்கு சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான எண்) 90 உள்ளதைத் தேடுவது வீண் செலவல்ல. 80க்குக் கீழே உள்ள வெளிச்சத்தில் சிவப்பு செத்துப்போகும், அன்று பிடித்த பாரையின் செவுள் கூட நேற்றைய மீன் போலத் தெரியும். படுக்கையறைக்கு 2,700 அல்லது 3,000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போதும். விறாந்தைக்கும் அதுவே நல்லது. மழை தொடங்கியதும் வரும் ஈசலும் பூச்சியும் 6,500 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தைத்தான் அதிகம் மொய்க்கும்.

ஹலஜன் ஸ்பொட் லைட்டை மாற்றுவதில்தான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள். சீலிங்குக்குள் இருக்கும் 12 வோல்ட், 50 வாட்ஸ் ஹலஜனுக்கு மேலே ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும். எடை குறைந்த எலக்ட்ரோனிக் வகையாக இருந்தால் அதன் லேபளில் 20–60 வாட்ஸ் என்பது போலப் போட்டிருக்கும். அதில் 5 வாட்ஸ் எல்ஈடியைச் செருகினால் 20 வாட்ஸ் இழுக்க ஆளில்லாமல் அது சரியாக இயங்காது, பல்ப் துடிக்கும் அல்லது எரியவே எரியாது. ட்ரான்ஸ்ஃபோமரைக் கழற்றிவிட்டு ஜியூ10 (GU10) ஹோல்டர் போட்டு 230 வோல்ட் பல்புக்கு மாறுவதே சரி. பழைய 12 வோல்ட் பல்பை ஒருபோதும் நேரே 230இல் கொடுக்க வேண்டாம். கதிர்க் கோணம் 36 பாகை அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 120 பாகை வாங்கினால் சுவாமிப் படத்தில் விழ வேண்டிய வெளிச்சம் சுவரெல்லாம் சிதறிவிடும்.

சுவிச்சை ஓஃப் பண்ணிய பிறகும் பல்ப் மின்மினி போல மினுங்கினால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். சுவிச்சில் சின்ன நியோன் லைட் இருந்தால் அதன் வழியே கசியும் கரண்ட் போதும், நியோன் இல்லாத சுவிச் போட்டால் நின்றுவிடும். நியோன் இல்லாமலும் மினுங்கினால், லைவுக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிச் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஓஃப் பண்ணிய ஹோல்டரிலும் கரண்ட் இருக்கும். உடனே வயர்மனைக் கூப்பிட வேண்டிய விடயம் இது.

கோழிக்குஞ்சுப் பெட்டியில் சூட்டுக்காகத் தொங்கும் இழை பல்பை மட்டும் மாற்ற வேண்டாம். 9 வாட்ஸ் எல்ஈடியின் சூடு குஞ்சுகளுக்குக் காணாது.