ஹட்டன் டவுனா, டிக்கோயாவா, கொட்டகலையா? வாடகை வீடு தேடுபவர்களுக்கு

ஹட்டனில் வேலை கிடைத்து, கையில் அளவான சம்பளத்தோடு வீடு தேடினால் கடைசியில் மூன்று இடத்தில்தான் வந்து நிற்பீர்கள்: டவுனில் கடைக்கு மேலே ஒரு மாடி, நோர்வூட் ரோட்டில் டிக்கோயா பக்கம் ஒரு அனெக்ஸ், இல்லையென்றால் கொட்டகலை. நுவரெலியாவை விட்டுவிடுங்கள், ஏப்ரல் சீசனில் நாள் கணக்கில் காசு வாங்கும் வீட்டை நமக்கு மாதக் கணக்கில் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

டவுன் மாடியில் ஓட்டோ காசு மிச்சம், பஸ் ஸ்டாண்டும் ஸ்டேஷனும் காலடியில். வாடகைதான் கூட. டிசம்பர் போயாவில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் வெசாக் வரைக்கும் நடுச்சாமத்திலும் பஸ் ஹோர்ன்தான்.

டிக்கோயாவில் நான் ஒரு வருடம் இருந்தேன். வாடகை குறைவு என்று பாய்ந்து எடுத்த அனெக்ஸ், மலையை வெட்டிக் கட்டியது, பின்சுவருக்கும் மண்திட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மே மாதம் பிடித்த மழை விடவில்லை. ஜூலையில் ஒரு கல்யாணத்துக்குப் போக மனைவி அலுமாரியைத் திறந்தால் பின்பலகை முழுக்கப் பச்சைப் பூஞ்சணம், பட்டுச்சேலையின் மடிப்பிலும் அதே. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குளிருக்கு அப்படித்தான் தம்பி, பழகிடும்" என்றார். அதோடு அவர் வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே மின்சார மீட்டர். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் கணக்கு இது. தனியாக இருந்தால் 60 யூனிட்டுக்குள் நிற்கும் ஆள், இரண்டு குடும்பத்தைச் சேர்த்துக் கூட்டியதில் மேல் கட்டத்துக்குப் போய் பில்லில் பாதியைக் கட்டினேன். மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விட்டது. டிக்கோயா முழுக்க இப்படி இல்லை, ஆனால் சரிவில் உள்ள வீட்டை மழை நாளில் போய்ப் பாருங்கள், பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தரையில் புது வெடிப்போ, மூட மறுக்கும் கதவோ இருந்தால் பேரம்கூடப் பேச வேண்டாம், மண்சரிவு சொல்லிக்கொண்டு வராது.

கொட்டகலையில் இடம் கொஞ்சம் திறந்தவெளி, வெயில் விழும். பக்கத்தில் பத்தனையில் கல்வியியற் கல்லூரி இருப்பதால் நல்ல அறைகள் வாய்வழியாகவே போய்விடும், கடைக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். ரயிலில் சிங்கமலைச் சுரங்கம் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன்தான், ஆனால் அதை நம்பி வேலைக்குப் போக முடியாது, பஸ்தான். இருட்டிய பிறகு அதுவும் காத்திருப்புத்தான்.

பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்க இருப்பவர்கள், பாடசாலைக்கு வதிவிடத்தைக் காட்ட அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் முகம் மாறும்.

நான் இப்போது கொட்டகலையில். தனி மீட்டர், பஸ்ஸுக்குப் பத்து நிமிட ஏற்றம். மழை விட்ட நாளில் காலையில் காயப்போட்ட உடுப்பு பின்னேரத்துக்குள் காய்ந்துவிடுகிறது.