பிளாக்பெரி 8520, நோக்கியா இ63, ஐபோன் 3ஜி: டோம்பிவ்லி லோக்கலில் எது தேறும்?

2010 வாக்கில் மும்பையில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் 'மெயில் பார்க்கிற போன்' வாங்கக் கிளம்பினால், கடை கடையாக ஏறி இறங்கியபின் மூன்று பெயர்தான் மிஞ்சும். பிளாக்பெரி கர்வ் 8520, நோக்கியா இ63, கையில் காசு தாராளமாக இருந்தால் ஐபோன் 3ஜி. ஆபீசில் கொடுக்கிற பிளாக்பெரியை இதில் சேர்க்கவில்லை. அதற்கு பில் கட்டுவது கம்பெனி, செட்டிங் போட்டுத் தருவது ஐ.டி. பிரிவு. இங்கே பேச்சு சொந்தக் காசு, சொந்த ஜிமெயில். திருநெல்வேலியில் அம்மா, ஷார்ஜாவில் அண்ணன், தாராவியில் கூட்டாளி. இவர்களோடு பேச எது தோது?

முதலில் ஐபோன் விலையைப் பேசி முடித்துவிடலாம். இந்தியாவில் ஐபோன் 3ஜி 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடபோன் வழியாக வந்தது. 8 ஜிபி 31,000 ரூபாய், 16 ஜிபி 36,100 ரூபாய். அமெரிக்காவில் 199 டாலர் என்று பேப்பரில் படித்துவிட்டுப் போனவர்கள் கடையில் வாயடைத்து நின்றார்கள். அங்கே இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால்தான் அந்த விலை என்பது பலருக்கும் அப்போது தெரியாது. 8520 அதில் பாதி விலைக்குக் கிடைத்தது. இ63 அதைவிடவும் மலிவு. ஹாஜி அலி பக்கம் ஹீரா பன்னா கடைத்தொகுதியில் வெளிநாட்டு ஐபோன் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும்தான். ஆனால் சிம் பூட்டை உடைத்து விற்ற அந்தப் போனுக்கு மென்பொருள் அப்டேட் போடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு படபடக்கும்.

அடுத்தது மெயில். இதில்தான் மூன்றும் அடிப்படையிலேயே வேறு. தபால்காரர் வீடு தேடி வந்து கொடுப்பதற்கும், நாமே போஸ்ட் ஆபீசுக்கு நடந்துபோய் 'எனக்கு ஏதாவது வந்திருக்கா?' என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம். பிளாக்பெரி முதல் ரகம். உங்கள் ஜிமெயில், யாஹூ கணக்குகளை, பிளாக்பெரியைத் தயாரித்த ரிம் நிறுவனத்தின் கணினியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பத்துக் கணக்கு வரை ஏற்றுக்கொள்ளும். மெயில் வந்ததும் அந்தக் கணினி அதைச் சுருக்கி உங்கள் போனுக்குத் தள்ளிவிடும். சிவப்பு விளக்கு மினுக்கும். போன் தூங்கிக்கொண்டே இருக்கலாம், பேட்டரியும் கரையாது. ஆனால் எல்லா மெயில் கணக்குக்கும் இந்த வேகம் கிடைக்காது. ஜிமெயில் உடனே வரும். பாப் என்ற பழைய முறையில் ஓடும் சாதாரணக் கணக்கு என்றால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இ63 இரண்டாவது ரகம். 2007 அக்டோபரிலிருந்து ஜிமெயில், வேறு செயலியிலும் மெயில் பார்க்க விடுகிற ஐமேப் வசதியை இலவசமாகத் தந்ததால் நோக்கியாவின் சொந்த மெயில் செயலியிலேயே கணக்கைப் போட்டுவிடலாம். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்க வேண்டும் என்று நாமே குறிப்போம். அடிக்கடி கேட்டால் பேட்டரி தீரும், இடைவெளி விட்டால் மெயில் தாமதம். நோக்கியா மெசேஜிங் என்ற சேவையைப் போட்டுக்கொண்டால் இதுவும் ஓரளவு பிளாக்பெரி மாதிரி நடந்துகொள்ளும்.

இந்த வித்தியாசம் தெரிய அன்று டோம்பிவ்லியிலிருந்து சிஎஸ்டி போன ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஏறியிருக்க வேண்டும். தானேவுக்கு முன்னால் பார்சிக் சுரங்கம், நீளம் 1.3 கிலோமீட்டர். உள்ளே சிக்னல் செத்துவிடும். வெளியிலும் மும்ப்ரா பக்கம் வந்து வந்து போகும். பிளாக்பெரியில் மெயிலின் உடல் ஏற்கெனவே போனுக்குள் இருப்பதால் சுரங்கத்துக்குள்ளேயும் படிக்கலாம், பதிலும் எழுதி வைக்கலாம். சிக்னல் வந்ததும் அதுவே போய்விடும். இ63-ல் மெயில் செட்டிங்கை மாற்றாமல் விட்டிருந்தால் தலைப்பை மட்டும்தான் இறக்கி வைத்திருக்கும். திறந்தால் அப்போதுதான் உடலைத் தேடிப் போகும், சுரங்கத்தில் சுற்றிக்கொண்டே நிற்கும். 'முழு மெயிலையும் இறக்கு' என்று ஒரு இடத்தில் மாற்றினால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அந்த இடம் நாலைந்து மெனுவுக்குள் புதைந்திருந்தது என்பதுதான் நோக்கியாவின் குணம்.

ஐபோன் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஜிமெயில் என்று நேராகப் போட்டால் 15, 30, 60 நிமிடக் கணக்கில்தான் எடுக்கும். 2009 செப்டம்பரில் கூகுள் ஒரு வழி திறந்தது: கணக்கு வகையில் ஜிமெயிலைத் தொடாமல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்பதைத் தேர்ந்து, கூகுளின் முகவரியைக் கொடுத்தால் மெயில் உடனுக்குடன் வந்து விழும். ஆனால் அன்றைய ஐபோன் ஒரே ஒரு எக்ஸ்சேஞ்ச் கணக்கைத்தான் ஏற்கும். ஆபீஸ் மெயிலை அதில் போட்டிருந்தால் சொந்த மெயில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். படிப்பதற்கு மட்டும் ஐபோனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்றரை அங்குலத் திரை. ஸ்கேன் செய்து அனுப்பிய கல்யாணப் பத்திரிகையை விரலால் விரித்து முகூர்த்த நேரம் வரை பார்க்கலாம். மற்ற இரண்டிலும் அதே படம் தபால்தலை அளவில் தெரியும்.

3ஜி பற்றி ஒரு வார்த்தை. 8520-ல் 3ஜி கிடையாது, மற்ற இரண்டிலும் உண்டு. இதை வைத்தே 8520-ஐ ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். எம்டிஎன்எல் தவிர வேறு யாரும் அப்போது மும்பையில் 3ஜி தரவில்லை. தனியார் சேவை 2011-ல்தான் பரவியது. அதுவரை மூன்று போனும் எட்ஜ் என்ற ஒரே 2ஜி இணைய வேகத்தில்தான் ஊர்ந்தன. மெயிலுக்கு எட்ஜ் போதும்.

மாதச் செலவில்தான் பிளாக்பெரி கடித்தது. தாராவி 90 அடி ரோட்டில் நம்மூர்ப் பையன் ஒருவன் கடை வைத்திருந்தான். போனைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே அவன் எல்லோரிடமும் கேட்டுவிடுவான்: "அண்ணே, பிளாக்பெரின்னா மாசா மாசம் வாடகை உண்டு, தெரியும்லா?" அந்த வாடகை சாதாரண ஜிபிஆர்எஸ் இணைய பேக்கைப்போல மூன்று நான்கு மடங்கு. கட்டாத மாதம் மெயிலும் வராது, மெசஞ்சரும் வராது. கையில் இருப்பது அழகான கீபோர்டு வைத்த ஒரு சாதாரண போன். நோக்கியாவில் நூறு ரூபாய்க்கு ஒட்டிய பேக் போட்டால் ஒரு மாதம் ஓடும். ஆனால் அங்கே வேறொரு பள்ளம் இருந்தது. போன் இணையத்துக்குள் நுழையும் வாசலான அக்சஸ் பாயின்ட் மாறிப் போனால் பேக்கை விட்டுவிட்டு 10 கேபிக்கு 10 பைசா என்று கழியும். கேட்கச் சின்னதாக இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு எம்பிக்குப் பத்து ரூபாய்க்கு மேல். இரண்டு எம்பி போட்டோவை மெயிலில் திறந்தால் இருபது ரூபாய் அவுட். பிரீபெய்டு பாலன்ஸ் காலையில் இருந்தது மாலையில் இல்லை என்று புலம்பியவர்களில் பாதிப்பேர் இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள்.

இனி மெசேஜ். மும்பைத் தமிழருக்கு இதுதான் நிஜமான கேள்வி என்பது என் கட்சி. ஏனென்றால் நம் செய்திகளில் பெரும்பகுதி மாநிலம் தாண்டிப் போகும். அன்று உள்ளூர் எஸ்எம்எஸ்ஸைவிட எஸ்டிடி எஸ்எம்எஸ் கட்டணம் கூடுதல். பேக் போட்டாலும் தீபாவளி, புத்தாண்டு மாதிரி நாட்களில் அது செல்லாது; சரியாக யாருக்கெல்லாம் வாழ்த்து அனுப்ப வேண்டுமோ அன்றைக்குத்தான் முழுக் கட்டணம். பிறகு 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் கட்டுப்பாடு போட்டது, நவம்பரில் அதை 200 ஆக்கியது. விளம்பரத் தொல்லையைத் தடுக்கப் போட்டது, அரட்டை அடிக்கிற பிள்ளைகளின் கழுத்தில் விழுந்தது.

பிளாக்பெரி மெசஞ்சர் இதையெல்லாம் ஒரே அடியில் கடந்தது. ஒவ்வொரு பிளாக்பெரிக்கும் உள்ள எட்டு இலக்க 'பின்' (PIN) எண்ணைக் கொடுத்தால் போதும், மாநிலம், நாடு எதுவும் கணக்கில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா, படித்தாரா என்று தனித்தனிக் குறி காட்டும். ஷார்ஜா அண்ணன் பிளாக்பெரி வைத்திருந்தால் 8520 வாங்கியவர் ராஜா. அம்மா வைத்திருப்பது பழைய நோக்கியா என்றால் அந்த மெசஞ்சரால் அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. பிளாக்பெரிக்கும் பிளாக்பெரிக்கும் நடுவில் மட்டும் ஓடிய அந்த வண்டி மற்ற போன்களுக்கு வந்தது 2013 அக்டோபரில். அதற்குள் எல்லோரும் வேறு வண்டியில் ஏறிவிட்டார்கள்.

2010 ஆகஸ்டில் வாங்க நினைத்தவருக்கு இன்னொரு சங்கடம். ஆகஸ்ட் 1 அன்று அமீரகம் அக்டோபர் 11 முதல் பிளாக்பெரி சேவைகளை நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே மத்திய அரசும், பாதுகாப்பு அமைப்புகளுக்கு வழி திறக்காவிட்டால் முடக்குவோம் என்று ஆகஸ்ட் 31 கெடு வைத்தது. இரண்டு முனையும் அறுந்தால் அண்ணனோடு பேச வாங்கிய போன் பெட்டியில்தான் கிடக்கும். கடைசியில் இரண்டுமே நடக்கவில்லை. இந்தியா கெடுவைத் தள்ளிவைத்தது, அமீரகம் அக்டோபர் 8 அன்று தடையைக் கைவிட்டது. அடுத்த வருடம் வேறு வகையில் அடி விழுந்தது. 2011 அக்டோபரில் ரிம்மின் கட்டமைப்பில் ஏற்பட்ட கோளாறில் ஐரோப்பா, வளைகுடா, இந்தியா என்று மூன்று நாளுக்கு மேல் மெயிலும் மெசஞ்சரும் தடுமாறின. எல்லாத் தபாலும் ஒரே வாசல் வழியாக வந்தால் இப்படித்தான். இ63-க்கு அன்று ஒன்றும் ஆகவில்லை.

வாட்ஸ்அப் 2009-ல் ஐபோனில் தொடங்கி 2010-ல் பிளாக்பெரிக்கும், இ63-ல் ஓடிய நோக்கியாவின் சிம்பியனுக்கும் வந்தது. ஐபோனில் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய செயலி. தொகை சின்னதுதான், கிரெடிட் கார்டு இல்லாதவருக்கு அதுவே மலை. இ63-ல் நேராக இறக்கிக்கொள்ளலாம். செயலியை மூடாமல் பின்னால் ஓடவிட்டு மெயில் படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஐபோன் 3ஜியில் வெளியார் செயலிகள் பின்னணியில் ஓடவே முடியாது. 2009 ஜூன் வரை அதில் காப்பி–பேஸ்ட்கூடக் கிடையாது, ஒருவர் அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை இன்னொருவருக்குத் தள்ளிவிடவும் முடியாது. முப்பத்தோராயிரம் கொடுத்தவர் போட்டோ மெசேஜ் அனுப்ப அதுவரை பக்கத்து சீட்டுக்காரரின் நோக்கியாவைக் கடன் கேட்க வேண்டியிருந்தது.

தமிழுக்கு வருவோம். யூனிகோடு தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான், ஆங்கில எழுத்தில் 160. அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுத்தல்ல. 'திருநெல்வேலி' கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பன்னிரண்டு இடம். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-லேயே ஜாவா போன்களில் தமிழ்ச் செய்தி அனுப்ப வழி செய்திருந்தது. ஆனாலும் பெரும்பாலோர் 'எங்க இருக்க, சாப்டியா' என்பதை ஆங்கில எழுத்தில்தான் தட்டினோம். அதற்கு பட்டன் கீபோர்டே உத்தமம். ஒரு கையால் லோக்கலின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் அடிக்கலாம். ஐபோனின் கண்ணாடித் திரை நம் தமிழை ஆங்கிலப் பிழை என்று நினைத்துத் திருத்தித் தொலைக்கும்.

தமிழில் படிப்பதற்கு அன்று ஒரே மருந்து ஓபெரா மினி. முகவரிப் பெட்டியில் கான்ஃபிக் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு என்பதை 'ஆம்' ஆக்கினால், தமிழைப் படமாக மாற்றி அனுப்பிவிடும். எழுத்துருவே இல்லாத போனிலும் தமிழ் துல்லியமாகத் தெரியும். ஜிமெயிலின் இணையப் பக்கத்தை அதில் திறந்து அப்பாவின் தமிழ் மெயிலைப் படித்தவர்கள் ஏராளம். இ63, 8520 இரண்டிலும் இது நடந்தது. ஐபோனுக்கு ஓபெரா மினி 2010 ஏப்ரலில் வந்தது. ஆப்பிளின் சொந்தத் தமிழ் விசைப்பலகை வந்தது 2013-ல், ஐஓஎஸ் 7-ல். ஐபோன் 3ஜி 4.2.1-லேயே நின்றுவிட்டதால் அதைப் பார்க்கவே இல்லை.

இ71? இ63-ன் அதே உடம்பு, எஃகுச் சட்டை, ஜிபிஎஸ். மெயிலுக்காக மட்டும் அந்தக் கூடுதல் காசு தண்டம். ஏர்டெல் 2009-ல் கொண்டுவந்த எச்டிசி மேஜிக்கில் ஜிமெயில் பிரமாதம், ஆனால் விலை ஐபோன் பக்கம், தமிழோ வெறும் கட்டம் கட்டமாக. விண்டோஸ் மொபைல் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

என் ஓட்டு இ63-க்கு. மெயில் தாமதம், மெனுக்கள் கொடுமை, எல்லாம் சரி. 1500 எம்ஏஎச் பேட்டரி, மற்ற இரண்டிலும் 1150. மெல்லிய பின் சார்ஜர் எந்தத் தமிழர் வீட்டிலும் ஒன்று தொங்கும். டோம்பிவ்லியில் கரண்ட் போனால் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். உங்கள் ஆட்கள் எல்லோரும் பிளாக்பெரியில் இருந்தால் மட்டும் 8520. வாடகையைப் பார்க்காதீர்கள், அந்தப் பேச்சுக்கு அது தகும். ஆனால் பழைய பிளாக்பெரிகளுக்கான சேவையை நிறுவனம் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தியதும் அந்தக் கதை முடிந்தது. சிம்பியனுக்கு வாட்ஸ்அப் 2017 ஜூன் 30 வரை கிடைத்தது. அதற்குப் பிறகும் 2ஜி சிக்னல் உள்ள இடத்தில் இ63 பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் உதவும். பிபி-4எல் பேட்டரி ஒன்று மாற்றினால் போதும்.