தலை மசாஜ்: ஒரு வருடத்துக்கு மேல் செய்து பார்த்தவள் சொல்வது

சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் என் வகிட்டைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "முடி திரும்ப நல்லா வந்துருச்சே, என்ன போடுற?" ஒன்றும் போடுவதில்லை, ராத்திரி கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துவிட்டுக்கொள்வேன் என்றேன். பந்தி முடிவதற்குள் அது "மசாஜ் பண்ணினா முடி வளருமாம், அவளே சொன்னா" என்று ஆகி, ஊருக்குத் திரும்புவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் வீடியோக்களாக வந்து விழ ஆரம்பித்துவிட்டது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எப்படிச் செய்வது என்று விளக்கப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான்: விரல் நுனி, நகம் படக்கூடாது, விரல் முடியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடாமல் தோலையே மண்டையோட்டின் மேல் நகர்த்த வேண்டும். ஈரத்தலையில் வேண்டாம், நனைந்த முடி சீக்கிரம் அறும். அவ்வளவுதான் வித்தை.

என் குறை ஒன்றே ஒன்று. முடி கொட்டக் கூடாது என்று செய்கிற வேலை, தினமும் ராத்திரி கொட்டின முடியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைக்கிறது.

படுக்கப் போகும் நேரம், பகல் வேலையெல்லாம் முடிந்து உட்கார்ந்து விரலை விட்டால், நான்கு முடி. இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஆறு. என் முடி நீளம் வேறு, இடுப்பைத் தொடும். பத்து முடி சுருண்டாலே ஒரு பந்து மாதிரி தெரியும். சாதாரணமாக நம் முடி எங்கெங்கோ போய்விடும். குளியலறை ஜல்லடையில் கொஞ்சம், சீப்பில் கொஞ்சம், அலுவலக நாற்காலியில் கொஞ்சம், சாம்பாரில் ஒன்று. மொத்தமாக யாரும் பார்ப்பதில்லை. மசாஜ் செய்தால் பார்த்தே ஆக வேண்டும். முதல் சில வாரம் நான் அந்த முடிகளை வெள்ளைத் துண்டின் மேல் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் துண்டை மட்டும் கறுப்பாக மாற்றி வைத்தார்.

அதிலும் ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். அதைப் பார்த்ததும் "ஐயோ, வேரோடு வருகிறதே" என்று வயிறு கலங்கும். தோல் மருத்துவரிடம் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்துவிட்டு, இது வேர் இல்லை, ஓய்வுக்குப் போன முடியின் அடிப்பாகம் இப்படித்தான் தடித்து வெளுத்திருக்கும், வேர்ப்பை உள்ளேயேதான் இருக்கிறது, அங்கிருந்து அடுத்த முடி வரும் என்றார். ஒவ்வொரு முடியும் சில வருடம் வளர்ந்து, ஓரிரு வாரம் வளர்ச்சி அடங்கி, பிறகு மூன்று மாதம் போலச் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு விழுகிறது. தலையில் பத்தில் ஒரு பங்கு முடி எப்போதும் அந்த ஓய்வில்தான் இருக்கும். நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை விழுவது கணக்கில் அடங்கியதுதான். மசாஜ் செய்யும்போது கையோடு வருவது ஏற்கெனவே கழன்று நிற்கும் முடி. அது எப்படியும் அந்த வாரத்துக்குள் விழும். மசாஜ் வெறும் வசூல்காரன், கடன் முன்பே இருந்தது.

இது எனக்கு நன்றாகவே தெரியும். யார் கேட்டாலும் மருத்துவர் மாதிரியே விளக்குவேன். இருந்தாலும் அந்த வெள்ளைக் குமிழைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது. நடுவில் கோபத்தில் கொஞ்ச காலம் மசாஜை நிறுத்தியும் பார்த்தேன். முடி கொட்டுவது ஒன்றும் குறையவில்லை, அதே அளவு தலைக்குக் குளிக்கிற நாளன்று மொத்தமாக வந்தது. ஆக நியாயமாகப் பார்த்தால் இந்தக் குறையை மசாஜின் மேல் போட முடியாது. ஆனால் நட்சத்திரம் கொடுக்கிற இடத்தில் நியாயம் மட்டுமா வேலை செய்கிறது?

சரி, முடி திரும்ப வந்ததே, அது எப்படி என்று கேட்பீர்கள். எனக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லோரும் மறந்தே போன பிறகு, முடி கொத்துக் கொத்தாகப் போனது. கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், சோறே சாப்பிடாமல் உடம்பை இளைக்கிற பைத்தியக்காரத்தனம், இதில் எது நடந்தாலும் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு மூன்று மாதம் என்பதால் விழுவதும் மூன்று மாதம் தள்ளித்தான். அதனால் காய்ச்சலையும் முடியையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. புது ஷாம்பூவையோ உப்புத் தண்ணீரையோ திட்டுவார்கள். ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஃபெரிட்டினும் குறைவாக இருந்தது, அதாவது உடம்பில் இரும்புச்சத்து இருப்பு கீழே போயிருந்தது. மாத்திரை கொடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது.

அந்த மாதிரிக் கொட்டல் காரணம் போனால் பெரும்பாலும் தானாகவே ஆறு மாதத்துக்குள் அடங்கி, முடி திரும்ப முளைக்கும். எனக்கும் அப்படித்தான் நெற்றியோரத்தில் குட்டிக் குட்டி முடிகள் நட்டுக்கொண்டு நின்றன. அந்த ஆறு மாதமும் நான் இரும்பு மாத்திரை சாப்பிட்டேன், மசாஜ் செய்தேன், மாமியார் காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெயைத் தேய்த்தேன், முட்டையும் முருங்கைக்கீரையும் கூடுதலாகச் சாப்பிட்டேன். முடி வந்ததும் மாமியார் எண்ணெய்க்குப் பெயர் வாங்கிக்கொண்டார். அம்மா கீரை என்றாள். கல்யாண வீட்டுக்காரர்கள் மசாஜ் என்கிறார்கள். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு ஆள் நம்பமாட்டார். முடி விஷயத்தில் ஊரில் உலாவும் அனுபவக் கதைகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆய்வு எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. மசாஜ் வீடியோக்கள் எல்லாம் தூக்கிப் பிடிப்பது ஜப்பானில் செய்து 2016-ல் வெளியான ஒன்றை. நல்ல உடல்நிலையில் இருந்த 9 ஆண்கள், தினமும் 4 நிமிடம், 24 வாரம், கருவியை வைத்து மசாஜ். முடியின் தடிமன் சராசரியாக 0.085 மில்லிமீட்டரிலிருந்து 0.092 ஆனது. தோல் இழுபடும்போது அந்த விசை வேரடியில் இருக்கும் செல்கள் வரை போய் அவற்றைத் தூண்டுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்பது பேர். வழுக்கைக்கு வைத்தியம் தேடி வந்தவர்களும் இல்லை. இருந்த முடி கொஞ்சம் தடித்தது என்பதும், போன முடி திரும்ப வந்தது என்பதும் வேறு வேறு.

2019-ல் இன்னொன்று வந்தது. வழுக்கை விழத் தொடங்கிய 327 பேர், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 20 நிமிடம் என்று சொல்லிக்கொடுத்த மசாஜைச் செய்துவிட்டுத் தாங்களே பதில் எழுதினார்கள். கிட்டத்தட்ட 69 சதவீதம் பேர் கொட்டுவது நின்றது அல்லது முடி வளர்ந்தது என்றார்கள். யாரும் அவர்கள் தலையை அளந்து பார்க்கவில்லை. நாளுக்கு நாற்பது நிமிடம் மாதக்கணக்கில் தலையைத் தேய்த்தவன் "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுத எவ்வளவு மனத்திடம் வேண்டும்! பாதியில் விட்டவன் படிவம் நிரப்ப உட்காரவே மாட்டான்.

எனக்கு இவற்றை விடப் பிடித்தது 1998-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து வந்தது. அது புழுவெட்டுக்கு, அதாவது திட்டுத் திட்டாக முடி கொட்டுகிற நோய்க்கு. 86 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி, லாவெண்டர், தைம், சிடார் எண்ணெய்கள் கலந்த கலவை, இன்னொரு பாதிக்கு அந்த வாசனை எண்ணெய்கள் இல்லாத வெறும் எண்ணெய். இரண்டு பக்கமும் தினமும் மசாஜ், ஏழு மாதம். கலவை தேய்த்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெறும் எண்ணெய்க்காரர்களில் 15 சதவீதம். "எண்ணெய் மசாஜ் வேலை செய்கிறது" என்று இதை எடுத்துக் காட்டுகிறவர்கள் அந்த 15-ஐக் கவனிப்பதில்லை. அவர்களும் ஏழு மாதம் தலையைத் தேய்த்தவர்கள்தானே? புழுவெட்டு சிலருக்குத் தானாகவே சரியாகும் என்பதையும் கழித்தால் மசாஜுக்கு என்று மிஞ்சுவது என்ன?

எண்ணெய் என்றதும் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரதம் வீணாவதைக் குறைக்கிறது, கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்வதில்லை என்று 2003-லேயே ஆய்வு வந்துவிட்டது. ஆக முடி உடையாமல் இருக்கும், பளபளப்பாக இருக்கும். வேருக்கு அதில் வேலை இல்லை. பொடுகு இருக்கிற தலையில் எண்ணெயை ராத்திரி முழுக்க ஊற வைத்தால் பொடுகு கிருமிக்குத்தான் விருந்து, அது எண்ணெயைத் தின்று வாழும் பூஞ்சை. எனக்கு அரிப்பு தாங்கவில்லை. இப்போது மசாஜ் உலர்ந்த தலையில்தான். எண்ணெய் என்றால் வெள்ளிக்கிழமை தேய்த்து அன்றைக்கே சீயக்காய் போட்டு அலசிவிடுவதோடு சரி. மாமியாருக்கு வருத்தம்தான், தலையணை உறை தப்பித்தது.

சிலிக்கான் பிரஷ் ஒன்றும் வாங்கினேன். குட்டை முடிக்காரர்களுக்கு நன்றாக இருக்கலாம். நீள முடியில் மாட்டிச் சிக்காக்கிப் பிடுங்குகிறது. சலூனில் ஆண்களுக்குத் தலை மசாஜோடு இலவசமாகக் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்கிறார்களே, அதற்கு மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரைக்கும் போகும்.

எதிர்பார்க்காமல் கிடைத்தது ஒன்று உண்டு. தினமும் தடவியதில் உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் ஓரிடம் தொட்டாலே வலிப்பது தெரிந்தது. பார்த்தால், அலுவலகத்துக்கு முடியை இறுக்கி முறுக்கிக் கிளிப் போடுகிற அதே இடம். வருடக்கணக்காக இழுத்துக் கட்டினால் அந்த இடத்து முடி மெலிந்து கடைசியில் வேரே செத்துப்போகும். கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தளர்வாகப் பின்னிக்கொள்கிறேன். வலி போய்விட்டது. மசாஜால் என் முடிக்கு உறுதியாக நடந்த நன்மை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், இது மசாஜே இல்லை என்றாலும்.

இனி சித்தப்பா மகன் விஷயம். வயது இருபத்தாறு, பெங்களூரில் வேலை. நெற்றியின் இரண்டு பக்கமும் ஏற ஆரம்பித்துவிட்டது. கல்யாணச் செய்தி அவன் காதுக்கும் போய் போன் செய்தான்.

"அக்கா, வேலை செய்யுதா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு."

"உனக்குச் செய்யாதுடா."

கோபம் வந்துவிட்டது அவனுக்கு. உனக்கு மட்டும் வரும், எனக்கு வராதா என்றான். என் முடி காய்ச்சலில் போனது. அவனுடையது சித்தப்பாவின் தலையைப் பார்த்தாலே தெரியும், பரம்பரை. டெஸ்டோஸ்டீரோனிலிருந்து உண்டாகும் டிஹெச்டி என்ற ஹார்மோனைத் தாங்காமல் அந்த இடத்து வேர்கள் வருடத்துக்கு வருடம் சுருங்குகின்றன. விரலால் தேய்த்து ஹார்மோனை என்ன செய்ய முடியும்? அதற்கு நிரூபணமான மருந்துகள் இருக்கின்றன. மினாக்ஸிடில் தடவுவது 1988-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, ஃபினாஸ்டிரைடு மாத்திரை ஆண்களின் வழுக்கைக்கு 1997-ல். பக்க விளைவுகள் உண்டு, மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், நிறுத்தினால் பலனும் போய்விடும். ஆனால் வேர் முழுக்கச் சுருங்குவதற்கு முன்னால் தொடங்கினால்தான் அர்த்தம். மசாஜ் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மசாஜ் செய்துகொண்டு இரண்டு வருடம் காத்திருப்பதில்தான் ஆட்சேபம். அந்த இரண்டு வருடத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

"எனக்கு இயற்கையா ஏதாவது வேணும்க்கா." சித்தப்பாவுக்கு நடந்ததை விட இயற்கையாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

முடி கொட்டுவதற்கு மருந்து என்ற கணக்கில் தலை மசாஜுக்கு ஐந்தில் ஒன்றரை. ராத்திரி கண்ணெரிச்சலும் பொட்டு வலியும் இறங்குவதற்கு நாலரை. யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நானும் நிறுத்தப் போவதில்லை, காரணம் கேட்காதீர்கள்.

நேற்று தம்பி ஒரு லிங்க் அனுப்பினான். எலக்ட்ரிக் தலை மசாஜர், பாதி விலைக்கு வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று. அந்தக் காசுக்குத் தோல் மருத்துவரை இரண்டு தடவை பார்க்கலாம் என்று பதில் போட்டேன். ப்ளூ டிக் விழுந்தது. ராத்திரி ஆர்டர் போட்ட ஸ்கிரீன்ஷாட் குடும்பக் குழுவில் வந்தது, கூடவே என் மாமியாருக்கும் ஒன்று சேர்த்து வாங்கியிருக்கிறான்.