புற்றுநோயாளியின் மனதை அளக்க: வெப்பமானியா, 14 கேள்விகளா?

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குச் (மண்டலப் புற்றுநோய் மையம்) சிகிச்சைக்குப் போகிறவர்கள் உண்டு. கட்டியின் அளவை ஸ்கேன் சொல்லிவிடும். மனம் படும் பாட்டை அளக்க இரண்டு கருவிகள் பரவலாகப் பயன்படுகின்றன.

ஒன்று, மனத்துயர் வெப்பமானி. தாளில் ஒரு வெப்பமானிப் படம், 0 முதல் 10 வரை. இன்றையும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு தவித்தீர்கள் என்று வட்டமிட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும். கூடவே பணம், பயணம், பிள்ளைகள், தூக்கம் என ஒரு பிரச்சினைப் பட்டியலும் உண்டு. எனக்கு இந்தப் பட்டியல்தான் பெரிதாகப் படுகிறது. பஸ் செலவுக்குக் கடன் வாங்கிய கவலை அதில்தான் வெளியே வரும். மலையாளம் பேசும் நர்ஸிடம் மனம் திறக்கத் தயங்கும் அம்மாவும் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டிவிடுவார்.

மற்றது, 1983இல் ஸிக்மண்டும் ஸ்னெய்த்தும் வெளியிட்ட ஹேட்ஸ் (HADS) என்னும் கேள்வித்தாள். பதற்றத்துக்கு 7 கேள்விகள், மனச்சோர்வுக்கு 7. இரண்டுக்கும் தனித்தனியே 21 மதிப்பெண்; 11 அல்லது அதற்கு மேல் என்றால் கட்டாயம் கவனிக்க வேண்டும். பசியின்மை, உடல் அசதி பற்றி இது கேட்பதில்லை. கீமோவாலேயே அவை வரும் என்பதால் இது நல்ல ஏற்பாடு.

சரி, எது? கூட்டம் நெரியும் ஓ.பி.யில் முதலில் வெப்பமானி, 4ஐத் தொட்டவர்களுக்கு ஹேட்ஸ் என்பேன். இரண்டும் சலித்தெடுக்க மட்டுமே. நோய் இன்னது என்று மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்புறம், எந்தத் தாளையும் கூட வந்த மகனிடம் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள்.